அப்பா வீட்டு நிலநடுக்கமானி

1

ஜப்பானில் தரை ஆடினால் தூத்துக்குடியில் என் சொந்தக்காரர்களின் கைபேசி ஆடத் தொடங்கிவிடும். போன மாதம் ஜப்பானில் நாங்கள் இருக்கும் ஊரில் நடுத்தரமான ஒரு நிலநடுக்கம் வந்தது. அலமாரியிலிருந்து நாலு தட்டு விழுந்து உடைந்தது. ரயில் அரைநாள் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தோட்டத்துக் கல்விளக்கு சாய்ந்துவிட்டதென்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து வருத்தப்பட்டார். அவ்வளவுதான் சேதம். நம்மூர்த் தொலைக்காட்சியில் அதை எப்படிக் காட்டினார்களோ தெரியாது, அன்றைக்கு முழுக்க எனக்கு அழைப்பு மேல் அழைப்பு.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். என் மனைவி பியூலாவின் தம்பி புதுக்கோட்டையில் இருக்கிறான். திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் நம் புதுக்கோட்டை. அவன்தான் முதலில் பிடித்தான்.

"அத்தான், அடுத்த ஆட்டம் எப்பம் வரும்?"

"தெரியாது மாப்ள."

"தெரியாதா? இத்தன வருசமா அங்கன ஒக்காந்து அதத்தான பாக்கிய? சும்மா சொல்லுங்க, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

இவனை என்ன செய்வது? நான் ஏதோ தேதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு மடியில் ஒளித்திருக்கிறேன் என்று நினைக்கிறான். சத்தியமாகத் தெரியாதப்பா, உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றால், "அப்பம் எதுக்குத்தான் ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கான்?" என்கிறான். இதற்கு இருபது வருடத்தில் என்னால் ஒரு நல்ல பதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊரில் உள்ள எல்லாருக்குமாக இங்கே ஒருதரம் எழுதிவிடுகிறேன், இனிமேல் யாரும் என் உயிரை வாங்காதீர்கள். பூமிக்கு அடியில் பாறை உடைந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு முறிவு என்று பேர். அந்த முறிவில் ஒரு பெரிய நழுவல் வந்தால், சுற்றியிருக்கும் பாறையெல்லாம் தன் இடத்தைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். அதுதான் பின்னதிர்வு. கல்யாண வீட்டுக்கு ஆள் வருவது மாதிரி. முதல்நாள் கூட்டமாக வருவார்கள், மறுநாள் குறைவார்கள், எல்லாம் முடிந்து பந்தலைப் பிரித்தபிறகும் ஒருத்தர் மொய்க்கவரோடு வந்து நிற்பார். மொத்தத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று ஓரளவு சொல்லலாம். யார், எந்த நிமிடம் வாசலில் வந்து நிற்பார் என்று எந்தக் கல்யாண வீட்டுக்காரனாலும் சொல்ல முடியாது. அபூர்வமாக, கடைசியில் வருகிற ஆள் மாப்பிள்ளையை விடப் பெரிய ஆளாகக்கூட இருப்பார். அதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதையே அன்று போனில் சொன்னதும் பியூலாவின் தம்பி கேட்டான். "சரி அத்தான், ஒரு உத்தேசமா? ஞாயித்துக்கெழமைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

போனை வைத்துவிட்டேன்.

2

என் வேலை அந்தக் கல்யாண வீட்டின் வாசலில் நின்று, வருகிற ஆளை எண்ணுவதுதான். பெரிய ஆட்டம் வந்த கையோடு முறிவுக்குப் பக்கத்து ஊர்களில் சிறு சிறு கருவிகளைக் கொண்டுபோய் மண்ணில் புதைக்க வேண்டும். பின்னதிர்வு ஒவ்வொன்றும் எங்கே, எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்று குறித்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத அந்த முறிவு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, எதுவரைக்கும் கிழிந்திருக்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். முதல் சில நாள்தான் முக்கியம். அப்போதுதான் அதிர்வு மழையாகப் பெய்யும்.

அந்த முக்கியமான நாட்களில் நான் எங்கே இருந்தேன்? ஊராட்சி அலுவலகத்தில், நாற்காலியில். கருவி புதைக்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு முத்திரை வேண்டும். இந்த நாட்டில் ஒவ்வொருத்தருக்கும் பேர் செதுக்கிய ஒரு சின்ன முத்திரைக்கட்டை உண்டு. என் பேர் அந்த வட்டத்துக்குள் அடங்காது என்பதால், கடைக்காரர் பாதியோடு நிறுத்திவிட்டார். விண்ணப்பத்தில் சாமுவேல், முத்திரையில் சாமு. அங்கிருந்த அலுவலர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, இது வேறு ஆளாக இருக்குமோ என்று மிகுந்த மரியாதையோடு சந்தேகப்பட்டார். நான் இங்கே உட்கார்ந்திருக்க, அங்கே பின்னதிர்வு வந்து வந்து போய்க்கொண்டிருக்கிறது. 

ஒருவழியாக அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கும் வயதான அம்மா. பணிவாகக் குனிந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அந்த அம்மா திடுக்கிட்டு இரண்டு அடி பின்னால் போய்விட்டார். கூட வந்த மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். உங்கள் தோட்டத்தில் கருவியைப் புதைக்கலாமா என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் புதைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். இத்தனை வருடம் இங்கே குப்பை கொட்டியும் என் ஜப்பானிய மொழி இந்த லட்சணத்தில் இருக்கிறது.

வீட்டில் அதற்கு மேல். என் மகள் எஸ்தருக்குப் பதின்மூன்று வயது. கைபேசியில் நிலநடுக்க எச்சரிக்கை அலறினால் மறுநொடி மேஜைக்கு அடியில் இருப்பாள். மழலையர் பள்ளியிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். அங்கிருந்துகொண்டு என்னை ஜப்பானிய மொழியில் திட்டுவாள். தமிழில் சொல்லு என்றால், "ஆபத்து நேரத்துல எப்பிடிப்பா ட்ரான்ஸ்லேட் பண்றது?" என்று கேட்பாள். அந்த ஒன்றைத்தான் தமிழில் ஒழுங்காகச் சொல்வாள்.

3

இனி அப்பாவுக்கு வருகிறேன். சொல்ல உட்கார்ந்ததே அவரைப் பற்றித்தான்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானமுத்து சார் என்றால் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும், அடி வாங்கியிருப்பார்கள். அம்மா இறந்தபிறகு அந்த ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய தெருவில், தானே கட்டின வீட்டில் தனியாக இருக்கிறார். ஒருதரம் இங்கே கூட்டிவந்து வைத்துப் பார்த்தேன். "வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேச ஆளில்ல. என்னைய ஊமையனாக்கிப் போட்டியலே" என்று சொல்லிவிட்டு, விசா முடியும் முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலையில் விழுந்த மனிதர், பேப்பரைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு பர்னாந்து அண்ணாச்சி வரும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். அண்ணாச்சி துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் மட்டும் அன்றைக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க நினைக்காமல் இருந்திருந்தால்?  அப்பாவிடம் கைபேசி இருக்கிறது, ஆனால் சார்ஜ் வீணாகிவிடும் என்று அதை அணைத்து பீரோவில் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தபின் எடுத்து எனக்குப் பேசுவார். மற்ற ஆறு நாளும் அவர் இருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

வேலைக்கு ஒரு அம்மாவை வைக்கலாம் என்றேன். "நான் சமைக்கதுல என்ன கொற?" என்றார். கேமரா வைக்கலாம் என்றேன். "நான் என்ன நகைக்கடையா?" என்றார். அந்தப் பேச்சை அத்தோடு எடுக்கவே விடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காலடிச் சத்தத்தைக் கேட்கத் தெரிந்த கருவியை வைத்துக்கொண்டுதானே நான் பிழைப்பு நடத்துகிறேன்? டிபன் பாக்ஸ் அளவில் ஒரு நிலநடுக்கமானி இருக்கிறது. தரையில் வைத்து, மின்சாரமும் இணையமும் கொடுத்துவிட்டால், அந்தத் தரையின் ஆட்டம் இங்கே என் திரையில் கோடாக ஓடும். அப்பா வீட்டுக்கு இணைய இணைப்புக்கு ஏற்பாடு செய்து, என் கைக்காசில் ஒன்று வாங்கி அனுப்பினேன்.

அது சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அதிகாரி என்னை போனில் அழைத்துக் கேட்டார். "சார், இது பூகம்பத்த உண்டாக்குமா, கண்டுபிடிக்குமா?"

"கண்டுபிடிக்கும் சார்."

"நிச்சயமா?"

பூகம்பம் உண்டாக்கும் இயந்திரத்தை டிபன் பாக்ஸில் அடைத்து அப்பாவுக்குத் தபாலில் அனுப்புகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று அவர் நினைத்தாரோ! பெட்டியைத் திறந்து படம், மூடிப் படம், என் வேலைச் சான்று, அப்பாவின் ஓய்வூதியச் சான்று, எல்லாம் அனுப்பியபிறகுதான் விட்டார்கள்.

அப்பாவிடம் ஆராய்ச்சி என்று சொன்னேன். அது முழுப் பொய்யும் அல்ல. அச்சன்கோவில் மலைப்பக்கமிருந்து மிகப் பழைய முறிவு ஒன்று நம் பக்கமாக நீண்டு கிடக்கிறது. அது தூங்குகிறதா, புரண்டு படுக்கிறதா என்று கேட்கும் காதுகள் நம் கடற்கரையில் குறைவு. இதைச் சொன்னதும் அப்பாவின் குரலே மாறிவிட்டது. "அப்பம் நம்ம வீடு ஒரு ஆய்வு நிலையம்னு சொல்லு!" என்றார். பின்னறை மூலையில் சிமெண்டுத் தரையில் அதை வைத்து, சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, தொடாதீர்கள் என்று சுவரில் எழுதிவிட்டார். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். ஞானமுத்து சார் வீட்டில் சுனாமி மிஷின் வந்திருக்கிறது, இனி நமக்குப் பயமில்லை என்று அண்ணாச்சி எனக்கே நன்றி சொன்னார்.

4

அன்றிலிருந்து என் காலை வேறு மாதிரி ஆகிவிட்டது. இங்கே நான் ஆய்வகத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போடும் நேரம், அங்கே அப்பா எழுந்திருக்கும் நேரம். திரையில் முதலில் தெரிவது கடல். மன்னார் வளைகுடாவின் அலை ஓயாமல் தரையை அமுக்கி அமுக்கி எழுப்பும் ஆட்டம், எந்த நேரமும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் பொடிப்பொடியாக முளைத்து வருவது அப்பாவின் காலடி. கட்டிலிலிருந்து பின்கதவுக்கு. பின்கதவிலிருந்து அடுப்படிக்கு. பிறகு மோட்டார் போடுவார். கம்பி இழுத்த மாதிரி ஒரே சீராகக் கோடு விழும். தொட்டி நிறைந்து வழிந்தபிறகுதான் அணைப்பார், எப்போதும் அப்படித்தான். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி போனால் கோடு தடித்து, வீங்கி, அடங்கும். மிக்ஸி போட்டால் சட்னி என்று தெரிந்துகொள்வேன்.

எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் இரைச்சல் என்று பேர். பின்னதிர்வைக் கேட்க விடாமல் குறுக்கே வரும் குப்பை. வடிகட்டி எறிந்துவிடுவோம். நான் மட்டும் தலைகீழாக, குப்பையைப் பார்க்க வருகிறேன். அந்தக் காலடியைப் பார்த்தால்தான் எனக்குக் காபி இறங்கும்.

சரியாகப் போய்க்கொண்டிருந்ததை நானே கெடுத்தேன். போன மாத நிலநடுக்கத்துக்குப்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசினார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். வீட்டைப் புதைக்கவா என்று நான் கேட்டேனே, அந்த அம்மாவின் மேல் நான் கடுப்பில் இருந்த நாள் அது. அனுமதி கொடுத்த புண்ணியவதி, துணி துவைக்கும் இயந்திரத்தைக் கருவிக்குப் பக்கத்துச் சுவரிலேயே வைத்து, பொழுதன்னிக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன சொல்லியும் கேக்க மாட்டேங்காவப்பா," என்று கொட்டித் தீர்த்தேன். "ஒரு நாள் நடக்காம, மோட்டார் போடாம இருந்தா என்ன? எல்லா டேட்டாவும் குப்பையாப் போவுது. சின்னச் சின்ன அதிர்வெல்லாம் அதுக்கு அடியில அமுங்கிப் போயிருது."

அப்பா "அப்படியாலே?" என்றார். "காலடிகூடவா?"

"காலடிதாம்ப்பா பெரிய தொல்லை!"

சொன்னேன் பாருங்கள். என் வாயில் மண்ணைப் போட.

5

மறுநாள் காலையில் ஆய்வகத்துக்கு வந்து திரையைத் திறந்தேன். கடல் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை.

அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். மின்னஞ்சல் பார்த்தேன், திரும்பி வந்தேன். ஒன்றுமில்லை. மோட்டார் போடும் நேரம் வந்தது, போனது. லாரி போவது தெரிகிறது. பெட்டி வேலை செய்கிறது. இணையம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கடல் இருக்கிறது. அப்பாதான் இல்லை.

கைபேசிக்குப் போட்டேன். அணைந்திருக்கிறது, பீரோவில்தானே இருக்கும். அண்ணாச்சிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். முதல்நாள் இரவுப் பதிவையெல்லாம் பின்னோக்கி ஓட்டி, கடைசிக் காலடி எங்கே என்று தேடினேன். எங்கேயாவது பொத்தென்று ஒரு கனமான துள்ளல் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு மனிதர் விழுந்தால் தரையில் அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். என் படிப்பு எனக்குப் பயன்பட்ட நேரம் அதுதான், அந்தப் படிப்பை அன்றைக்கு அடியோடு வெறுத்தேன். அவசரத்தில் எழுத்து தப்புத்தப்பாக விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து, பெரிய பின்னதிர்வா என்று கேட்டார்.

கடைசியில் அண்ணாச்சி எடுத்தார். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறார், பின்னால் ஒரே சத்தம்.

"அண்ணாச்சி, அப்பா வீட்டுக்குக் கொஞ்சம் போங்க. உள்ள ஒரு சத்தமும் இல்ல."

"சத்தமில்லன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் தம்பி?"

"போங்க அண்ணாச்சி, கும்பிடுதேன்!"

மனிதர் பையோடு ஓடியிருக்கிறார். போனை வைக்கவில்லை, அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கம்பிக்கதவு ஆட்டும் சத்தம். "சேசுவே! வெளிய பூட்டு தொங்குதே தம்பி. சார்! ஏ சார்!" அப்புறம் தூரத்தில் அண்ணாச்சியின் மனைவியின் குரல்: "ஏன் கெடந்து கத்துதிய? சார் நம்ம குசினியிலதான் இருக்காவ!"

அப்பா அண்ணாச்சி வீட்டு அடுப்படியில் இருந்தார். சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைத்த வாளி.

போன் அவர் கைக்கு வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம். "என்னலே சாமு, டேட்டா இப்பம் சுத்தமா வருதா?"

 அவரே அடுக்கினார். நேற்றே கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டாராம். தரையில் பழைய மெத்தை, போர்வை எல்லாம் விரித்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு மெதுவாக நடக்கிறாராம். மோட்டார் கிடையாது, மிக்ஸி கிடையாது, விடியும் முன்னே, அண்ணாச்சி சந்தைக்குக் கிளம்பிய கையோடு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். "பெண்டுலம் ஆடும்போது ஒரு பய மூச்சு விடப்படாதும்பேன் வகுப்புல. அத நானே மறந்துட்டு, ஒன் ஆராய்ச்சிய இத்தன நாளும் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். நீயாவது முன்னாலயே சொல்லப்படாதா?"

இந்த வயதில், ஒருதரம் விழுந்த மனிதர், வழுக்கும் மெத்தைமேல் வெறுங்காலில் நடந்து, வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு இருக்கிறார். நான் கத்திவிட்டேன். ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

"அப்பா! அந்தப் பெட்டிய நான் வச்சதே ஒங்க காலடியக் கேக்கத்தான்! ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சுக்கிடத்தான்!"

"அப்பம் நெலநடுக்கம்?"

"நம்மூர்ல ஏதுப்பா நெலநடுக்கம்!"

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றிருந்தது. 

"கேமரா வேண்டாம்னு சொன்னேன்," என்றார் அப்பா. "ஆராய்ச்சின்னு சொல்லி அதவிட மோசமானத வச்சிட்ட."

போன் அண்ணாச்சி கைக்குப் போய்விட்டது. அன்று மத்தியானம் என் திரையில் கடலும் நின்றது. பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்.

6

பியூலாவிடம் சொன்னேன். எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், "மாமா கோவப்படுறதுல என்ன தப்பு?" என்றாள். "ஒங்கள ஒருத்தன் இப்பிடி வேவு பாத்தா சும்மா இருப்பியளா? அதவிட, ஆய்வு நிலையம்னு எவ்வளவு ஆசையா இருந்தாவ. அதப் பொய்யின்னு நீங்க கத்திச் சொல்லியிருக்கிய."

அந்த வாரம் முழுக்க என் திரையில் வெறும் கோடு. ஆறு நாளும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அப்பா நடமாடுகிறாரா என்று விசாரித்தேன். "நடமாடுதாவ தம்பி. ஒங்க பேரச் சொன்னா மட்டும் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதாவ" என்றார். இவரும் பொறுமை இழந்துவிட்டால் எனக்கு அங்கே யாருமே இல்லை என்பது ஒவ்வொரு அழைப்பிலும் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசுவாரா என்று கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினார்.

"பெட்டிய மறுபடி மாட்டுதேன். ஒரு கண்டிசன்."

"சொல்லுங்கப்பா."

"ஒன் வீட்டுலயும் ஒண்ணு வை. அது வரையுத படம் எனக்கு வரணும்."

"இங்க எதுக்குப்பா? ஊரெல்லாம் கருவிதான். எல்லாக் கணக்கும் நெட்ல இருக்கு."

"ஊர்க் கணக்கு எனக்கு எதுக்குலே? டிவியில ஜப்பான்னு சொன்னதும் நான் இங்கன கெடந்து சாவுதேன். ஒனக்குப் போட்டா, ஊர்ல உள்ளவன்லாம் போட்டு லைன் கெடைக்காது. நீ சாவகாசமா ஞாயித்துக்கெழம, 'சின்ன ஆட்டந்தாம்ப்பா'ம்ப. சின்னதா பெருசான்னு நான் கேட்டனா? அந்த ஆறு நாளும் நான் என்ன பாடு படுதேன்னு ஒனக்குத் தெரியுமா? நீ எனக்குப் பெட்டி வச்ச. நான் ஒனக்கு எதுல பாக்க?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடமும் இதை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே!

அப்புறம் வழக்கமான கூத்து. வீட்டுக்காரரிடம் அனுமதி, அதற்கு முத்திரை, சாமுவா சாமுவேலா என்ற விசாரணை. பெட்டியை வாசற்கதவுக்கு உள்ளே, செருப்பு கழற்றும் இடத்தில் வைத்தேன். அப்பாவின் கைபேசியில் படம் வரவைக்கும் வேலையை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். வீடியோவில் ஒரு மணி நேரம், அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "தாத்தா, அந்தப் பச்சைய அமுக்குங்க, அது இல்ல, அது பச்சை இல்ல" என்று சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் இவ்வளவு பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அப்பா கைபேசியை அணைப்பதும் இல்லை, பீரோவில் வைப்பதும் இல்லை.

அங்கே தரையில் மெத்தையெல்லாம் எடுத்தாகிவிட்டது. காலடி வருகிறது, மோட்டார் வருகிறது. எல்லாம் ஒழுங்காகிவிட்டதென்று நிம்மதியாக இருந்தேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு பின்னதிர்வு. கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த விருந்தாளி. எச்சரிக்கை அலறியது, எஸ்தர் மேஜைக்கு அடியில் பாய்ந்தாள், பியூலா அடுப்பை அணைக்க ஓடினாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து அளவை ஊகித்துக்கொண்டிருந்தேன். சில விநாடிதான், நின்றுவிட்டது. ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனோம். எஸ்தருக்குப் புத்தகம் வேண்டும் என்றாள், அங்கேயும் போனோம். என் கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது, பியூலாவுடையது பையின் அடியில் சத்தமில்லாமல் கிடந்தது.

திரும்பி வந்து பார்த்தால் அப்பாவின் அழைப்புகள், வரிசையாக, திரை கொள்ளாமல்.

நான் போட்டதும் முதல் மணியிலேயே எடுத்தார். "எங்கலே போய்த் தொலைஞ்ச?"

"ரொட்டி வாங்கப்பா."

"ஆட்டம் வந்துச்சு. காலடி ஓடுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லலே." குரல் உடைந்திருந்தது. பள்ளிக்கூடமே நடுங்கின குரல் அது. "பெட்டி ஓடுது. அப்பப்ப தரை ஆடுததும் தெரியுது. நீங்க மூணு பேரும் இல்ல. நான் என்னன்னு நெனைக்க?"

நான் அந்தத் திங்கட்கிழமை என் மேஜையில் உட்கார்ந்து என்ன நினைத்தேனோ, அதைத்தான் அவரும் நினைத்திருப்பார். 

"வெளிய போனா சொல்லிட்டுப் போணும்லே," என்றார்.

சொல்லிக்கொண்டு போவதற்கும் அவரே வழி வைத்தார். கிளம்பும்போது பெட்டிக்குப் பக்கத்தில் காலால் இரண்டு மிதி மிதிக்க வேண்டும். அவர் அதற்காகவே முன்னதாக எழுந்து பார்த்துக்கொள்வார். காலடி இரைச்சல் என்று ஊரெல்லாம் புலம்பித் திரிகிற நான், தினமும் என் வாசலில் நின்று தொம் தொம் என்று மிதித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, கரப்பான்பூச்சியா என்று கேட்டார். நான் என்னவென்று விளக்குவது?

ஜப்பானியர்களும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள், அப்படியே நம்மைப் போல. எஸ்தர் அதைச் சின்ன வயதிலிருந்து அவர்கள் மொழியில் சொல்லித்தான் பள்ளிக்குப் போவாள். தமிழில் சொல்லு என்று நான் சண்டை போட்டு அலுத்துப்போனேன். இந்த மிதி விஷயத்தை அவளுக்கு ஒருதரம்தான் சொன்னேன், கேட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

இன்று காலை பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. அப்பா.

"ஏலே, எஸ்தர் தெனமும் தொம் தொம்முன்னு சொல்லிட்டுத்தான் போறா. நீதாம்லே சொல்லாமப் போற."